அத்தை காலுக்கு யூரியா லோஷன்: எரியுது என்கிறார், நிறுத்தலாமா?

கேள்வி: கொரடாச்சேரி மருமகள் (தை 14)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகக் கேட்டால் "டாக்டரைப் பாருங்கள்" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் இத்தனை குழப்பமும்.

என் மாமியாருக்கு 63 வயது. 11 வருடமாகச் சுகர். மாத்திரை அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறது, அதை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார். கால்தான் பிரச்சினை. முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக, தண்ணீர் வற்றிய வாய்க்கால் வண்டல் மாதிரி வெடித்துக் கிடக்கும். மார்கழிப் பனி விழ ஆரம்பித்தால் அரிப்பும் சேர்ந்துகொள்ளும். இந்த வருடம் அறுவடையின்போது வயலில் நின்றதில் வைக்கோல் சுணை வேறு பட்டு, சொறிந்து சொறிந்து இரண்டு மூன்று இடத்தில் ரத்தமே வந்துவிட்டது.

பொங்கல் முடிந்ததும் திருவாரூரில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். 200 மில்லி லோஷன் ஒன்று எழுதினார். குளித்ததும் ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை. வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதற்கு மேல் கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து பாட்டிலில் இருந்த பொடி எழுத்தைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். யூரியா 10 சதவீதம், லாக்டிக் ஆசிட் 10 சதவீதம், ப்ரோபிலீன் கிளைக்கால் 10, லிக்விட் பாரஃபின் 10.

சத்தமாகப் படித்தது என் தப்பு. "யூரியாவா? வயலுக்குத் தெளிக்கிறதையா என் காலுல பூசச் சொன்னாரு அந்தத் தம்பி?" என்று அத்தை ஆரம்பித்துவிட்டார். இரண்டு நாள் பாட்டிலைத் தொடவே இல்லை. அப்புறம் நான் கெஞ்சிப் பூசிவிட்டதில் அரிப்பு குறைந்தது. உடனே கட்சி மாறிவிட்டார். இப்போது தேங்காய் எண்ணெய் மாதிரி உள்ளங்கை நிறைய ஊற்றி ஊற்றித் தேய்க்கிறார். தொட்ட நாளிலிருந்து எட்டே நாள், பாட்டில் காலி.

வெடிப்பு இருக்கிற இடத்தில் பூசினால் சுரீரென்று எரிகிறதாம். நிறுத்துங்கள் என்றால், "எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்கிறார். கால்விரல் இடுக்கிலும் விட்டுத் தேய்க்கிறார், அங்கே சேற்றுப்புண் இன்னும் ஆறவில்லை. போன முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது முகம் பளபளப்பாக இருக்கட்டும் என்று முகத்திலும் பூசிக்கொண்டார். மறுநாள் முழுக்கக் களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றார், சாயங்காலம் இரண்டு கன்னமும் சிவந்து காந்தல். இதெல்லாம் போதாதென்று என் நாலு வயது மகளின் முழங்கையிலும் தடவிவிட்டார். அவள் வீல் என்று கத்தியபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

கடைசியாக ஒன்று. பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார்: "மாசாமாசம் ஏன் காசைக் கொட்டுற? மேலுரத்துக்கு வாங்கின மூட்டை மீதி கெடக்குல்ல, ஒரு பிடி எடுத்துத் தேங்காய் எண்ணெயில கரைச்சுப் பூசு. அதே யூரியாதான்." அத்தைக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. மூட்டையை நான் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.

எரிந்தால் நிறுத்த வேண்டுமா? எவ்வளவு பூசுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வலங்கைமான்காரன் (தை 14)

இதெல்லாம் கம்பெனிக்காரன் வேலை. என் அம்மாச்சி 88 வயது வரை இருந்தது, காலில் தேங்காய் எண்ணெய் தவிர வேறு எதுவும் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல், மற்ற நாள் தேங்காய் எண்ணெய். லோஷனைத் தூக்கிப் போடுங்க தங்கச்சி.

பதில்: பழைய கம்பவுண்டர் (தை 15)

நான் டாக்டர் இல்லை அம்மா. கும்பகோணத்தில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் 31 வருடம் மருந்தாளுநராக நின்றவன், இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் விரல் இடுக்கு. இன்றைக்கே நிறுத்துங்கள். லோஷன் ஈரத்தைப் பிடித்து வைக்கிற மருந்து. கால் வறட்சிக்கு அதுதான் வேண்டும், விரல் இடுக்குக்கு அதுதான் ஆகாது. அங்கே ஏற்கெனவே காற்று போகாது, ஈரம் தங்கினால் தோல் வெளுத்து ஊறிப் பூஞ்சை பிடிக்கும். சுகர் உள்ள காலில் அந்தச் சின்ன வெடிப்பு வழியாகத்தான் சீழ் வைப்பது, கால் வீங்குவது எல்லாம் தொடங்கும். குளித்ததும் மெல்லிய பருத்தித் துணியால் ஒவ்வொரு இடுக்கையும் ஒற்றித் துடைத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கிற சேற்றுப்புண்ணுக்கு மருந்தே வேறு, அதை டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். இந்த லோஷனால் அது ஆறாது.

சுகர்காரர்களுக்குக் கால் ஏன் இப்படிக் காய்கிறது தெரியுமா? பல வருடம் சுகர் இருந்தால் நரம்பு பழுதாகும். தொடு உணர்ச்சி தருகிற நரம்பு மட்டுமில்லை, வியர்க்க வைக்கிற நரம்பும் பழுதாகும். காலில் வியர்வை குறைந்தால் தோல் காய்ந்து வெடிக்கும். அதனால் அத்தை காலின் வறட்சியை மார்கழிப் பனியின் தலையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்போது யூரியா. அத்தை கேட்டது நியாயமான கேள்விதான். நம் தோலிலேயே இயற்கையாக யூரியா உண்டு, லாக்டிக் ஆசிடும் உண்டு. தோல் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதே இந்த மாதிரிச் சரக்குகளை வைத்துத்தான். லாக்டிக் ஆசிட் என்றால் ஏதோ பேட்டரி ஆசிட் என்று பயப்பட வேண்டாம், தயிரைப் புளிக்க வைப்பதும் அதுதான். 10 சதவீத அளவில் இவை இரண்டும் சேர்ந்து தண்ணீரை இழுத்துப் பிடிக்கும், செத்துப்போன செதிலை இளக்கி உதிர்க்கும். அதனால்தான் அரிப்பு குறைந்தது.

எரிச்சலுக்கும் காரணம் அதேதான். புளித்த மோரை வெட்டுக்காயத்தில் ஊற்றினால் எரியாதா? அத்தையின் வெடிப்பில் நடப்பது அதுதான். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுது" என்ற வசனத்தை நான் 31 வருடம் கவுண்டரில் கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட உண்மையாக இருந்ததில்லை. வெடிப்பில்லாத தோலில் பூசியதும் லேசாகச் சுருசுருத்து ஓரிரு நிமிடத்தில் அடங்கினால் பரவாயில்லை, தொடரலாம். எரிச்சல் நீடித்தால், சிவந்தால், வீங்கினால், கொப்புளம் வந்தால் சாதாரணத் தண்ணீரில் கழுவிவிட்டு நிறுத்துங்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் வந்த வெடிப்பில் இதைப் பூசவே வேண்டாம். அந்த இடம் மூடும் வரை வெறும் வாசலின் போதும், வாசனை, நிறம் எதுவும் சேர்க்காதது. சுற்றியுள்ள நல்ல தோலில் லோஷன் போடலாம். வெடிப்பு ஆழமாக இருந்தால், நீர் வடிந்தால், சுற்றிலும் சூடாகச் சிவந்திருந்தால் வாசலினை நம்பி உட்காராதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எவ்வளவு பூசுவது என்று கேட்டீர்கள். தோல் மருந்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. டியூபிலிருந்து ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களையும் சேர்த்துப் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்குப் போதும். முழங்காலுக்குக் கீழே பாதத்தையும் சேர்த்து ஒரு காலுக்கு இப்படி ஐந்து கோடு, அதாவது இரண்டரை கிராம். இரண்டு காலுக்கும் ஐந்து கிராம், நம் வீட்டு டீஸ்பூனில் ஒன்று. இரண்டு வேளைக்கு இரண்டு ஸ்பூன். ஆக 200 மில்லி ஏறக்குறைய இருபது நாள் ஓட வேண்டும். எட்டு நாளில் காலி என்றால் தினமும் ஐந்து ஸ்பூன் போயிருக்கிறது. பாதி புடவைக்கும் பாய்க்கும்தான் போயிருக்கும். பூசுவதற்கு முன் பாட்டிலைக் குலுக்கச் சொல்லுங்கள். குலுக்காமல் ஊற்றினால் மருந்து ஒரே சீராக வராமல் போகலாம்.

குளித்து முடித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, மூன்று நான்கு நிமிடத்துக்குள் பூச வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு பூசினால் பாதிப் பலன்தான். முடி படுத்திருக்கிற திசையிலேயே மேலிருந்து கீழாகத் தடவினால் போதும், அழுத்தித் தேய்த்தால் மயிர்க்காலில் சின்னச் சின்னக் கட்டி வரும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பீர்க்கங்காய் நார், செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்ப்பது, எல்லாவற்றுக்கும் விடை கொடுத்துவிடுங்கள். சுகர் காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் வெந்நீர் சுடுவதும் தெரியாது, செங்கல் கிழிப்பதும் தெரியாது.

முகத்துக்கு இது வேண்டாம். லாக்டிக் ஆசிட் பூசிய தோலை வெயில் சீக்கிரம் சுடும். நிறுத்திய பிறகும் ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும். அத்தை கன்னம் சிவந்ததற்கு மருந்தும் காரணம், களத்து வெயிலும் காரணம். பகலில் வயலுக்குப் போனால் காலை மூடுகிற மாதிரிப் புடவையை இறக்கி விட்டுக்கொள்ளட்டும்.

குழந்தைக்கு இதைப் போடாதீர்கள். குழந்தைத் தோல் மெல்லியது, எரிச்சல் அதிகம். உடம்பு எடைக்குத் தோலின் பரப்பும் அதிகம் என்பதால் பூசும் மருந்து உள்ளே போவதும் கூடுதல். யூரியா லோஷனாவது அழ வைத்ததோடு விட்டது. சாலிசிலிக் ஆசிட் கலந்த லோஷன்கள் உண்டு, அதைக் குழந்தையின் உடம்பில் நிறைய இடத்தில் பூசினால் ரத்தத்தில் ஏறி விஷமாகவே ஆகலாம். பெரியவருக்கு எழுதியது பெரியவருக்கு மட்டும்.

வலங்கைமான் தம்பி, உங்கள் அம்மாச்சி சொன்னது தப்பில்லை. எண்ணெய் தோலின் ஈரம் வெளியே போகாமல் மூடி வைக்கும். சாதாரண வறட்சிக்கு அது போதும். தடித்த செதிலை அது இளக்காது, அவ்வளவுதான். லோஷன் பூசிக் கொஞ்ச நேரம் கழித்து அதன் மேல் எண்ணெய் தடவிக்கொள்வதிலும் குற்றமில்லை. அம்மாச்சிக்குச் சுகர் இருந்ததா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

பதில்: வலங்கைமான்காரன் (தை 15)

இல்லை ஐயா. சுகர் இல்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

பதில்: கொரடாச்சேரி மருமகள் (தை 15)

ஐயா, கோடி நன்றி. டீஸ்பூன் கணக்கை அப்படியே அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அஞ்சு ஸ்பூனா?" என்று அவரே வாயில் கை வைத்துவிட்டார். காசு கணக்கு என்றால் சட்டென்று புரிகிறது.

மூட்டை விஷயத்துக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. அண்ணன் இன்றைக்குக் காலையிலும் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அத்தையின் சுருக்குப்பையில் ஒரு சின்ன டியூப் இருந்தது. போன வருடம் தொடையில் அரிப்பு என்று கடைத்தெருவில் ஒரு மெடிக்கலில் கேட்டு வாங்கியதாம், சீட்டு எதுவும் இல்லை. அதையும் லோஷனையும் உள்ளங்கையில் கலந்து அவ்வப்போது காலுக்குப் பூசிக்கொள்கிறார்! பெட்டியில் "குளோபெட்டசால்" என்றும் கூடவே வேறு இரண்டு பெயரும் போட்டிருக்கிறது.

பதில்: மாயவரத்து அக்கா (தை 16)

தங்கச்சி, அந்த டியூபை முதலில் பிடுங்கி வையுங்கள். எதையும் எழுதாமல் இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுப் போகிறவள் நான். குளோபெட்டசால் என்ற வார்த்தையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு 2019-இல் இடுப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவு படர்தாமரை வந்தது. புடவைக் கட்டு இறுக்கம், ஐப்பசி மழையில் துணி காயாமல் ஈரத்தோடு கட்டுவது, நம் ஊரில் இதெல்லாம் யாருக்கு வராது? டாக்டரிடம் காட்ட வெட்கம். பக்கத்து மெடிக்கலில் கேட்டேன், மூன்று மருந்து கலந்த ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. ஆகா, என்ன மருந்து என்று தெருவில் நாலு பேருக்கு நானே சிபாரிசு செய்தேன், அந்தப் பாவம் இன்னும் என் தலையில் இருக்கிறது. நிறுத்தினால் பத்து நாளில் திரும்ப வரும். திரும்பப் பூசுவேன். எட்டு மாதம் இப்படி ஓட்டினேன். காசு அளவு இருந்தது இடுப்பைச் சுற்றி வந்து தொடைக்கு இறங்கிவிட்டது. வட்டம், ஓரம் எதுவும் தெரியாமல் கலைந்த கோலம் மாதிரி ஆனது. தோல் காகிதம் மாதிரி மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் வருகிற மாதிரிச் சிவப்புக் கோடுகள் விழுந்தன. அந்தக் கோடு இன்றைக்கும் இருக்கிறது.

கடைசியில் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் தோல் பிரிவுக்குப் போனேன். அந்த டாக்டரம்மா டியூபைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். அதில் இருந்தது கடுமையான ஸ்டிராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும், பூஞ்சையைக் கொல்லாது, உண்மையில் தோலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து அது வளர வழி விடும். கூடவே பூஞ்சை மருந்து கலந்திருந்தாலும் ஸ்டிராய்டுதான் ஜெயிக்கும் என்றார். அது சரியாவதற்கு மாதக்கணக்கில் மாத்திரை போட வேண்டியிருந்தது.

அவர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டிராய்டு. பெட்டியிலோ டியூபிலோ ஒரு ஓரமாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம். டாக்டரே எழுதினால் பயமில்லை, எத்தனை நாள் என்று கேட்டு அத்தனை நாள் மட்டும். அப்போதும் லோஷனையும் அதையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் மருந்தின் அளவும் மாறும், பூசாத இடத்துக்கும் பரவும். ஒன்று பூசி அரைமணி நேரம் விட்டு மற்றது. டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அத்தை எத்தனை நாளாகப் பூசுகிறார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நிறைய நாள் பூசியிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பதில்: பழைய கம்பவுண்டர் (தை 16)

மாயவரத்து அம்மா சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. எங்கள் தொழிலில் இருந்தவர்கள் செய்த தப்புதான் அது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூட்டை விஷயம் மறந்துவிட்டது, மன்னிக்கவும். அண்ணனிடம் இப்படிச் சொல்லுங்கள். பெயர் ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான், சரக்கு வேறு. 2015 முதல் நம் நாட்டில் வயலுக்கு வருகிற யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசி வருகிறது. தயாரிக்கும்போது உண்டாகும் பையூரெட் என்ற கழிவும் அதில் கொஞ்சம் இருக்கும். பயிருக்கு என்று செய்தது அது, புண்ணுள்ள தோலுக்கு என்று யாரும் சுத்தம் பார்த்ததில்லை. அடுத்து, யூரியா தண்ணீரில்தான் கரையும், தேங்காய் எண்ணெயில் கரையாது. குருணையாக அடியில் கிடக்கும், தேய்த்தால் மணல்தாள் போட்ட மாதிரி தோலைக் கிழிக்கும். தண்ணீரில் கரைத்தால் இன்னும் மோசம், ஒரு பிடி போட்டால் எத்தனை சதவீதம் என்று யாருக்குத் தெரியும்? 40 சதவீத யூரியா களிம்பு ஒன்று உண்டு, அதைத் தடித்துப்போன நகத்தையே இளக்கி எடுக்கப் பயன்படுத்துவார்கள். உணர்ச்சி குறைந்த காலில் அந்த அளவு போனால் என்ன ஆகும் என்று அண்ணனையே சொல்லச் சொல்லுங்கள். 45 கிலோ மூட்டை வயலுக்கே போகட்டும்.

இன்னொரு விஷயம், பயமுறுத்துவதற்காக இல்லை. வறண்ட தோலில் எங்காவது நிறம் வெளுத்து அல்லது சிவந்து, வியர்க்காமல், தொட்டால் தெரியாத ஒரு திட்டு இருந்தால் அதை லோஷன் போட்டு மறைக்காதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், சீக்கிரம் பிடித்தால் முழுக்கக் குணமாகும்.

எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் அதைப் பதிவு செய்ய மத்திய அரசின் இலவச எண் இருக்கிறது: 1800-180-3024. நான் கடையில் இருந்தபோதே நிறையப் பேருக்கு இது தெரியாது.

பதில்: பாபநாசம் டு லண்டன் (தை 17)

பிறந்தது பாபநாசம், இப்போது இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். யாரும் தொடாத ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன்: நெருப்பு.

இங்கே தாத்தா பாட்டிகளுக்குத் தினமும் லோஷன், களிம்பு பூசுவதுதான் எங்கள் காலை வேலை. 2018 டிசம்பரில் இந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது. தோலில் பூசுகிற இந்த மாதிரி மருந்துகள் உடையிலும் போர்வையிலும் ஊறிக் காய்ந்த பிறகு, அந்தத் துணியில் நெருப்பு பட்டால் குபீரென்று பிடிக்கும், வேகமாகப் பரவும். பாரஃபின் இருந்தால்தான் என்றில்லை, இல்லாதவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த எச்சரிக்கை. தோலில் இருக்கும்போது மருந்தே தீப்பற்றாது, துணிதான் ஆபத்து. சூடான தண்ணீரில் துவைத்தால் குறையும், முழுக்கப் போகாது. இங்கே சிகரெட் பிடிக்கிற தாத்தாக்கள் இதில் இறந்தே போயிருக்கிறார்கள்.

படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்கள் கொல்லையில் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குளிர் காய்கிற என் ஆச்சிதான். உங்கள் அத்தையும் அப்படி உட்காருவார் இல்லையா? தினமும் ஐந்து ஸ்பூன் குடித்த புடவையும் உள்பாவாடையும்! லோஷன் பூசி அது தோலில் இறங்கும் வரை அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்திப் பக்கம் போக வேண்டாம். காலுக்குப் பூசும்போது கட்டுகிற புடவையை அடிக்கடி துவையுங்கள்.

அப்புறம் வழுக்கல். உள்ளங்காலில் பூசிவிட்டு டைல்ஸ் தரையில் நடந்தால் அவ்வளவுதான். இங்கே நான் பார்த்த இடுப்பெலும்பு முறிவுகளில் இதுவும் ஒரு காரணம். ராத்திரிக்குக் கட்டிலில் உட்காரவைத்துப் பூசி, பருத்திக் காலுறை போட்டு, அப்படியே படுக்க வைத்துவிடுங்கள். நடுவில் எழுந்தால் செருப்பு.

பதில்: கொரடாச்சேரி மருமகள் (மாசி 9)

சொல்லாமல் ஓடிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உளுந்து வேலை, மகளுக்குக் காய்ச்சல், என்று நாள் ஓடிவிட்டது.

அக்கா சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு திருவாரூர் மெடிக்கல் காலேஜுக்குப் போனோம். காலையில் ஏழரைக்கே வரிசை. விரல் இடுக்கில் பூஞ்சைதான், அதற்குத் தனியாக ஒரு களிம்பு. டியூபை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை. அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் விட்டு விட்டு எப்போதாவதுதான் பூசியிருந்ததால் உடனே நிறுத்திவிடலாம் என்றார்கள்.

அப்புறம் ஒரு பயிற்சி டாக்டர் பையன் வந்து, நைலான் நூல் மாதிரி ஒன்றை வைத்துப் பாதத்தில் அங்கங்கே தொட்டான். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் "ம்" சொல்ல வேண்டும். வலது காலில் எல்லா இடத்திலும் "ம்" வந்தது. இடது பாதத்தில் பெருவிரலுக்கு அடியிலும், அதற்குப் பக்கத்தில் ஓரிடத்திலும் அத்தை ஒன்றுமே சொல்லவில்லை. அவன் திரும்பத் திரும்பத் தொட்டான். "இன்னும் ஆரம்பிக்கலையா தம்பி?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் பெருவிரலுக்கு அடியில்தான் ஒரு வெடிப்பு, ஆழமாக. லோஷன் பூசியபோது முழங்காலுக்குக் கீழே எரிந்தது என்றாரே தவிர அங்கே எரிந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. எரியாததால் அந்த இடம் நன்றாக இருக்கிறது என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ராத்திரி நான்தான் பூசிவிடுகிறேன். முதலில் என் மாமனார் சவரம் செய்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு பாதத்தின் அடியையும் பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்பூன். பெருவிரல் வெடிப்புக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், இரண்டு முறை மாற்றியாயிற்று, மூடி வருகிறது. முழங்காலுக்குக் கீழே செதில் பெரும்பாலும் போய்விட்டது. வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காருவதை மட்டும் இன்னும் முழுதாக நிறுத்த முடியவில்லை, ஆனால் லோஷனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார், அதுவரைக்கும் சரி.

இரண்டாவது பாட்டில் இன்றைக்கு 22-ஆவது நாள், அடியில் இன்னும் இரண்டு வேளைக்கு இருக்கிறது. திறந்த தேதியைப் பால் கணக்கு எழுதுகிற பேனாவால் மூடியில் எழுதி வைத்திருக்கிறார் அத்தை. யூரியா மூட்டையை அண்ணனே வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார், பருத்திக்கு ஆகும் என்று. காசு இன்னும் கொடுக்கவில்லை.